வீட்டுக்குள் வளரும் நாற்றுக்கு எந்த அளவுத் தொட்டி, எப்போது மாற்றுவது?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை பக்கம் மாடிவீட்டில் இருக்கிறோம். முற்றம் கிடையாது. கிழக்கு பார்த்த ஒரு ஜன்னலும் அதையொட்டிச் சின்ன பால்கனியும்தான் உண்டு. ஜூன் தொடக்கத்தில் 98 குழித்தட்டில் தக்காளி, மிளகாய், கத்தரி விதைத்தேன். நன்றாக முளைத்தன. இருபதாம் நாள், இனி மாற்றும் வேலையே வேண்டாம் என்று நேராக 15 அங்குல வளர்ப்புப் பைகளில் நட்டுவிட்டேன். அடியில் ஓட்டுச்சில்லு போட்டு, மேலே செம்மண்ணும் சாணிப்பொடியும் கலந்து நிரப்பினேன். தினமும் தண்ணீர் விடுகிறேன். பத்து நாளில் கீழிலைகள் மஞ்சளாகிவிட்டன. மண் ஈரமாக இருக்கும்போதே மதியத்தில் வாடுகின்றன. மண்மேல் பச்சைப் பாசி, சுற்றிலும் கொசு போலச் சின்ன ஈக்கள். உரம் போதவில்லையா? எந்த அளவுத் தொட்டியில் எப்போது மாற்ற வேண்டும்? இருப்பவற்றைக் காப்பாற்ற முடியுமா? நர்சரியில் வாங்கிய கறிவேப்பிலைக் கன்றும் கருப்புக் கவரிலேயே நிற்கிறது. அதற்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

பதில்: உரம் இப்போது வேண்டவே வேண்டாம். தண்ணீரையும் இன்றே நிறுத்துங்கள். ஈர மண்ணில் செடி வாடுகிறது என்றால், வேருக்குக் காற்று கிடைக்காமல் தண்ணீரை உறிஞ்ச முடியாத நிலைக்கு அது போய்விட்டது. மேலே படர்ந்த பாசியும் சின்ன ஈக்களும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. மேல்மண் நாள் கணக்கில் காயாமல் இருந்தால்தான் இரண்டும் வரும். அந்த ஈக்களின் புழுக்கள் ஈரமண்ணில் இருந்துகொண்டு சல்லிவேர்களைக் கடிப்பதால் தொல்லை இன்னும் கூடுகிறது. இந்த நேரத்தில் உரம் போட்டால் மிச்சமிருக்கும் வேர்களும் கருகும்.

உங்கள் நாற்று குழித்தட்டில் இருந்தபோது அதன் வேர்ப்பந்து, அதாவது வேரும் அது பிடித்திருக்கும் கலவையும், ஏறக்குறைய 25 மில்லி. 15 அங்குலப் பையை நிரப்பினால் 40 லிட்டர் கொள்ளும். ஆயிரம் மடங்குக்கு மேல் பெரிய இடத்துக்கு ஒரே நாளில் நாற்று போயிருக்கிறது. அத்தனை மண்ணும் நனைந்தால் பத்துப் பதினைந்து லிட்டர் தண்ணீர் அதில் தங்கும். நான்கு இலை நாற்று, அதுவும் வீட்டுக்குள், ஒரு நாளைக்கு இருபது மில்லி குடித்தாலே அதிகம். மீதி எங்கே போகும்? பையின் பக்கம் பிளாஸ்டிக். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தக்கலைக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், ஆகவே மேல் வழியாகவும் அது எளிதில் ஆவியாகாது. இந்த நிலையில் தினமும் தண்ணீர் விட்டால் வேர் மூச்சு முட்டும். அப்படிப்பட்ட வேரைத்தான் வேரழுகல் பூஞ்சைகள் பிடிக்கும்.

ஆகவே தொட்டியின் அளவை, செடி பிற்காலத்தில் எவ்வளவு பெரிதாகும் என்று பார்த்து முடிவுசெய்யக் கூடாது. இன்றைக்கு வேர் எவ்வளவு இருக்கிறது, அந்தத் தொட்டி உங்கள் வீட்டில் எத்தனை நாளில் காய்கிறது என்ற இரண்டையும் பாருங்கள். தண்ணீர் விட்ட தொட்டி ஒன்றிரண்டு நாளில் மறுபடி தண்ணீர் கேட்டால் அளவு சரி. நான்கைந்து நாளாகியும் கனமாகவே இருந்தால் தொட்டி பெரிது. காலையில் விட்ட தண்ணீர் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிட்டால் சிறிது. கையில் தூக்கிப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம். சமையலறைத் தராசு இருந்தால், நனைத்து வடிந்ததும் எடைபோட்டுக் குறித்துவைத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் தண்ணீர் விடுங்கள்.

ஓட்டுச்சில்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் பழக்கம். வடிகால் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் போடுகிறோம். ஆனால் எந்தத் தொட்டியிலும், தண்ணீர் வடிந்த பிறகும் அடியில் ஒரு பட்டை மண் முழுக்க நனைந்தே நிற்கும். அந்தப் பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் நயம், அதாவது அதன் துகள் எவ்வளவு பொடியாக இருக்கிறது என்பதுதான், தொட்டியின் உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பொலபொலப்பான கலவையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருக்கும், நயமான செம்மண்ணில் அதைவிட நிறையவே இருக்கும். நயமான மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள சில்லுக்குள் தண்ணீர் சுலபமாக இறங்காது. எனவே அந்த நனைந்த பட்டை சில்லுக்கு மேலே, வேருக்குப் பக்கமாக ஏறி நிற்கும். துளை அடைபடாமல் இருக்க ஒரு துண்டு கொசுவலையோ கொஞ்சம் தேங்காய்த் தும்போ போதும். அதற்குப் பதில் துளைகளைக் கவனியுங்கள்: ஆறு அங்குலத் தொட்டிக்கு ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் நான்கைந்து துளை, 12 அங்குலப் பைக்கு அடியிலும் அடியோரப் பக்கத்திலுமாக எட்டு. இதே காரணத்தால் ஆழமில்லாத அகலத் தட்டு நாற்றுக்கு ஆகாது. அதில் பாதி உயரம் எப்போதும் நனைந்தே கிடக்கும்.

நம் மேற்குப் பக்கச் செம்மண் நிலத்தில் நல்ல மண்தான். தொட்டிக்குள் தினமும் தண்ணீர் பட்டால் இறுகிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. குழித்தட்டு நாற்றின் வேர்ப்பந்து தென்னை நார்க்கழிவு. அதை நயமான களிப்பு மண்ணுக்குள் வைத்தால், சுற்றியுள்ள மண் பந்திலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முதல் சில நாள் வெளியே சேறு, உள்ளே வறட்சி என்று இருக்கும். நாற்று வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் விடுவோம். எந்தக் கலவையில் முளைத்ததோ அதற்கு நெருங்கிய கலவையிலேயே அடுத்த கட்டத்துக்கும் நட வேண்டும்.

கலவை இப்படி: ஊறவைத்த நார்க்கழிவு இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, கருக்கிய உமி அல்லது பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கனிமத் துகள் ஒரு பங்கு. எல்லாம் பாத்திரக் கணக்கு, எடைக் கணக்கு அல்ல. கடையில் கிடைக்கும் ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி (காயர்பித்) ஊறினால் 60 முதல் 70 லிட்டர் வரும். அதை இரண்டு மூன்று தடவை தண்ணீரில் அலசி வடிக்க வேண்டும். கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, உப்புத்தண்ணீரில் ஊறியிருந்தால் நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்கும், இலை ஓரம் கருகுவது பெரும்பாலும் அதனால்தான். தும்பு ஆலை வாசலில் சும்மா அள்ளிவரும் மட்காத கழிவை நேராகப் பயன்படுத்த வேண்டாம். அது மட்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், நாற்று வெளிறிப்போகும். கடைசித் தொட்டிக்கு மட்டும் உங்கள் செம்மண்ணைச் சேர்க்கலாம்: நார்க்கழிவு இரண்டு, செம்மண் ஒன்று, நன்கு மட்கிய உரம் ஒன்று. பத்து லிட்டர் கலவைக்கு நூறு கிராம் வேப்பம் பிண்ணாக்கு சேர்த்து, லேசாக நனைத்துப் பத்து நாள் மூடிவைத்த பிறகு நடுங்கள்.

பால்கனியில் வைப்பதால் எடையும் முக்கியம். 15 லிட்டர் செம்மண் நனைந்தால் 25 கிலோவைத் தாண்டும். அதே அளவு நார்க்கழிவுக் கலவை பத்துப் பன்னிரண்டு கிலோவில் நிற்கும்.

இனி அளவுகள். கடையில் சொல்லும் அங்குலம் வாய்ப்பகுதியின் அகலம். கம்பெனிக்குக் கம்பெனி ஆழம் மாறும். ஒரு லிட்டர் குவளையால் தண்ணீரோ கலவையோ ஊற்றி அளந்து கொள்வதே நம்பகமானது. சுமாராக நான்கு அங்குலத் தொட்டி அரை லிட்டர், ஆறு அங்குலம் ஒன்றரை முதல் இரண்டு, எட்டு அங்குலம் நான்கு, பத்து அங்குலம் எட்டு, பன்னிரண்டு அங்குலம் பதினைந்து லிட்டர் கொள்ளும்.

தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றுக்கும் பாதை ஒன்றுதான். குழித்தட்டிலிருந்து அரை லிட்டர், அங்கிருந்து இரண்டு லிட்டர், பிறகு கடைசித் தொட்டி. அரை லிட்டருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அரை லிட்டர் பால் கவரைக் கழுவி, மேல்பக்கம் வெட்டி, அடியில் நான்கு துளை போட்டால் போதும். சிரட்டையும் ஆகும், ஆனால் அது கால் லிட்டர்கூடக் கொள்ளாது, வளைந்த அடியில் தண்ணீர் தேங்கும். மூன்று துளை போட்டுப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மிளகாய்க்குக் கடைசித் தொட்டி எட்டிலிருந்து பத்து லிட்டர். தக்காளிக்கும் கத்தரிக்கும் 15 முதல் 20 லிட்டர். இதற்குக் குறைந்தால் காய்க்கும் காலத்தில் வேறு தொல்லை வரும். சின்னத் தொட்டி ஒரே நாளில் காய்ந்து நனைந்து மாறிக்கொண்டிருந்தால் சுண்ணாம்புச்சத்து காய்க்குச் சீராகப் போய்ச் சேராது, தக்காளியின் அடிப்பாகம் கருத்து அழுகும். மிளகாய் பூவை உதிர்க்கும். உங்களிடம் உள்ள 15 அங்குலப் பைகளை வீசிவிட வேண்டாம். விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துப் பாதி உயரத்துக்கு நிரப்பினால் கத்தரிக்கும் தக்காளிக்கும் கடைசிப் பையாக அதுவே ஆகும்.

வெண்டை, பயறு, கீரை, கொத்தமல்லி ஆகியவற்றை மாற்றி நடவே வேண்டாம், நிற்கும் இடத்திலேயே விதையுங்கள். பாவல், புடல், வெள்ளரி வேர் அசைந்தால் முறைத்துக்கொள்ளும். அவற்றை 200 மில்லி காகிதக் கப்பில் விதைத்து, விதையிலைக்குப் பிறகு இரண்டு உண்மை இலை வந்ததும் கப்பின் அடியைக் கிழித்து, பந்து கலையாமல் 20 லிட்டர் பையில் நேராக இறக்கிவிடலாம். வேகமாக வேர்விட்டுப் பையை நிரப்பிவிடும் கொடிகள் என்பதால் இவற்றுக்கு நடுக்கட்டம் தேவைப்படாது.

எப்போது மாற்றுவது என்பதை நாள் கணக்கால் மட்டும் முடிவுசெய்ய வேண்டாம். குழித்தட்டில் தக்காளி 25 நாளில் தயாராகும், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் ஆகும். வெளிச்சம் குறைந்த அறையில் இன்னும் ஒரு வாரம் கூடலாம். நீங்கள் இருபதாம் நாளில் எடுத்ததால் மிளகாயின் வேர் பந்தைப் பிடித்திருக்கவே வாய்ப்பில்லை. அடியிலிருந்து விரலால் தள்ளி ஒரு நாற்றை வெளியே எடுத்துப் பாருங்கள். பந்து உதிராமல் முழுசாக வந்து, சுற்றிலும் வெள்ளை வேர் வலைபோல் தெரிந்தால் அதுதான் நேரம். உதிர்ந்தால் திரும்ப வைத்து ஐந்து நாள் பொறுங்கள். வேர் பழுப்பாகி வட்டம் சுற்றியிருந்தால் தாமதமாகிவிட்டது. அடுத்த கட்டங்களுக்கும் இதே சோதனைதான்.

மாற்றி நடும் நாளில், ஒரு மணி நேரம் முன்னால் தட்டை நன்றாக நனையுங்கள். காய்ந்த பந்து உடையும், நடும் நேரத்தில் நனைத்த பந்து சொதசொதவென்று நழுவும். புதிய கலவையையும் முன்கூட்டியே ஈரமாக்குங்கள்: கையில் பிடித்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக் கூடாது. காய்ந்த நார்க்கழிவு மேலே விட்ட தண்ணீரைப் பக்கவாட்டில் வழியவிட்டுவிடும்.

தொட்டியை முக்கால்வாசி நிரப்பித் தரையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். கையால் அமுக்காதீர்கள், அமுக்கினால் காற்று போக வேண்டிய இடமெல்லாம் அடைபடும். நடுவில் பந்தின் அளவுக்குக் குழி எடுத்து, நாற்றை இலையில் பிடித்து இறக்குங்கள். தண்டில் பிடிக்கவே கூடாது. ஓர் இலை கிழிந்தால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் நாற்றே போய்விடும். தக்காளியை விதையிலை வரை புதைக்கலாம், புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். வெளிச்சம் போதாமல் நெடுநெடுவென்று போன தக்காளி நாற்றுக்கு இதுவே நல்ல வழி. மிளகாயும் கத்தரியும் பழைய மட்டத்திலேயே நிற்கட்டும். பந்தின் மேல் அரை சென்டிமீட்டர் புதுக் கலவை மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து மட்டும் தனியாகக் காய்ந்துபோகும். தொட்டி விளிம்புக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் காலியாக விடுங்கள்.

நட்டதும் அடியில் வடியும் வரை மெதுவாக ஒரு தடவை தண்ணீர். லிட்டருக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்ப் பொடி கலந்த தண்ணீரை ஊற்றினால் வேரழுகலுக்குத் தடுப்பாக இருக்கும். அதோடு காப்பர் போன்ற பூஞ்சைக்கொல்லியைச் சேர்க்காதீர்கள், அந்த நுண்ணுயிர் செத்துவிடும். முதல் ஒரு வாரம் தண்டைச் சுற்றி மட்டும் கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள், ஏனென்றால் வேர் இன்னும் பழைய பந்துக்குள்தான் இருக்கிறது. சாயங்காலம் நட்டு, இரண்டு மூன்று நாள் நேர்வெயில் படாமல் வைத்து, பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுபோங்கள். புதுத் துளிர் தெரிந்த பிறகுதான் உரம். 19:19:19 என்ற தண்ணீரில் கரையும் உரம் லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒருமுறை போதும்.

தொட்டி எத்தனை நாளில் காயும் என்பது வெளிச்சத்தையும் பொறுத்தது. தெற்கு ஜன்னல்தான் செடிக்கு நல்லது என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். நாம் இருப்பது ஏறக்குறைய எட்டு டிகிரி வடக்கில். ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவெயில் நமக்கு வடக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும், அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலுக்கு நேர்வெயில் வராது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தெற்கு ஜன்னல் நல்ல இடம். உங்கள் கிழக்கு ஜன்னல் வருடம் முழுக்கக் காலைவெயில் தரும், ஆனால் ஜூன், ஜூலை மேகமூட்டத்தில் அது போதாது. நான்கடி நீள 20 வாட் எல்.இ.டி. டியூப், 6500 கெல்வின் வெள்ளை என்று எழுதியிருக்கும், அதில் இரண்டை நாற்றின் தலைக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் மேலே தொங்கவிட்டு, தினம் 14 மணி நேரம் எரியவிடுங்கள். அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் ஆகும். நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்த வேண்டும். சிறிய விசிறியை எதிர்ச்சுவர் பார்த்து வைத்தால் தண்டு உறுதிப்படும், மேல்மண்ணும் காயும்.

மாவட்டத்துக்குள்ளேயே ஒரே தொட்டி ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று வீசுகிறது. அங்கே பால்கனியில் மண்சட்டி வைத்தால் பக்கச்சுவர் வழியாகவே ஈரம் போய்விடும், பிளாஸ்டிக்கே நல்லது. தக்கலை, குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் அதே மாதங்களில் மண்சட்டி உங்களுக்குத் துணை. இரண்டு லிட்டர் கட்டத்துக்கு நீங்கள் மண்சட்டியே வாங்கலாம்.

இருக்கும் நாற்றுகளைக் காப்பாற்ற இன்றே ஒன்றைக் கரண்டியால் வட்டமாக வெட்டி மண்ணோடு எடுங்கள். வாளித் தண்ணீரில் முக்கி மண்ணைக் கரைத்து வேரைப் பாருங்கள். பழுப்பு வேரை இரு விரலால் இழுத்தால் தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சும், அது செத்த வேர், கத்தரித்துவிடுங்கள். பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தால் அரை லிட்டர் பால் கவருக்கு மாற்றி, சூடோமோனாஸ் தண்ணீர் ஒருமுறை ஊற்றி, கீழே மஞ்சளான இலைகளைக் கிள்ளி, நிழலில் ஒரு வாரம் வையுங்கள். வேர் குறைந்த நாற்றால் எல்லா இலைக்கும் தண்ணீர் தர முடியாது. அதனால் காற்றோட்டத்துக்கு நான்கைந்து துளையிட்ட பெரிய பிளாஸ்டிக் கவரைக் குடைபோல் முதல் மூன்று நாள் மூடலாம், அதன் பிறகு எடுத்துவிட வேண்டும். தண்டின் அடி மண்மட்டத்தில் சுருங்கி நூலாகியிருந்தால் அது நாற்றழுகல், பிழைக்காது. அந்த நாற்றையும் அந்த மண்ணையும் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். ஈக்களுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைத் தொட்டி மட்டத்தில் வைத்து, மேல்மண் இரண்டு சென்டிமீட்டர் காய்ந்த பிறகே தண்ணீர் என்று பழகினால் இரண்டு மூன்று வாரத்தில் குறையும். தக்காளி பிழைத்துத் தேற வாய்ப்பு அதிகம். கத்தரியும் தேறும். மிளகாயைப் பொறுத்தவரை, வேர் மோசமாக இருந்தால் மல்லுக்கட்டாமல் புதிதாக விதைப்பதே லாபம்: இப்போது விதைத்து விளக்கடியில் வளர்த்தால், வடகிழக்கு மழை வலுக்குமுன் இரண்டு லிட்டர் சட்டியில் திடமாக நிற்கும்.

கறிவேப்பிலைக்கும் இதே கணக்குத்தான், வேகம் மட்டும் குறைவு. நர்சரிக் கவர் பெரும்பாலும் ஒரு லிட்டருக்கு உள்ளேதான் இருக்கும். முதலில் எட்டு அங்குலம், ஏழெட்டு மாதம் கழித்துப் பன்னிரண்டு, அடுத்த வருடம் பதினாறு. கவரைக் கத்தியால் நீளவாக்கில் கீறி எடுங்கள், பிடித்து இழுக்காதீர்கள். கறிவேப்பிலைக்கு ஆணிவேர் உண்டு, அது கவரின் அடியில் வளைந்து சுருண்டிருந்தால் சுருண்ட நுனியை மட்டும் கூரான கத்தியால் வெட்டி, பந்தின் பக்கங்களில் மேலிருந்து கீழாக நான்கு இடத்தில் அரை சென்டிமீட்டர் ஆழக் கீறல் போட்டு நடுங்கள். நட்ட பிறகு ஒரு மாதம் துளிர் வராமல் நிற்கலாம். அந்த ஒரு மாதத்தில் இலை பறிக்கவும் வேண்டாம், உரம் வைக்கவும் வேண்டாம். இப்போதைய மழையில் பால்கனி ஓரத்தில் தண்ணீர் தெறிக்காத இடமாகப் பார்த்து, அடியில் இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கிவையுங்கள். தரையோடு ஒட்டி வைத்தால் அடித்துளை அடைபட்டு, பையில் நடந்ததே இங்கேயும் நடக்கும்.